யூனிவர்சிட்டி சரி, எந்தக் காலேஜ்?

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு ஷீட் கூரை போட்டு, சாயங்காலத்தில் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். போன நவம்பரில் ஒருநாள், என்னிடம் பிளஸ் டூ வரை படித்த பெண் ஒருத்தி லேப்டாப்போடு படியேறி வந்தாள். இப்போது பி.எஸ்சி. கணிதம் கடைசி வருடம். கேம்பிரிட்ஜில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா, யூனிவர்சிட்டி பேரு போட்டாச்சு, கோர்ஸும் போட்டாச்சு. இப்ப திரும்பவும் எந்தக் காலேஜ்னு கேக்குது. ரெண்டு சாய்ஸ் போடணுமாம். லிஸ்டைத் திறந்தா போயிட்டே இருக்குது.”

அவளுடைய அப்பாவும் கூட வந்திருந்தார். துறைமுகத்துக்கு ட்ரெய்லர் ஓட்டுகிறவர். லிஸ்டையெல்லாம் அவர் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “லீவு விட்டா புள்ள எங்கம்மா தங்கும்?”

உண்மையைச் சொன்னால், இந்த விஷயத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். ஆனால் அங்கே போவதற்கு முன்னால் ‘காலேஜ்’ என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். குழப்பம் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

நம் ஊரில் காலேஜ் என்றால் படிக்கிற இடம். தியாகராயா கல்லூரியில் படிக்கிறேன், பாரதி மகளிர் கல்லூரியில் படிக்கிறேன் என்கிறோம். வகுப்பு அங்கே, வாத்தியார் அங்கே, அட்டெண்டன்ஸ் அங்கே. சென்னைப் பல்கலைக்கழகம் என்பது பாடத்திட்டம் வகுத்து, பட்டம் கொடுக்கிற தூரத்துப் பெரியவர். 1857-இல் அதைத் தொடங்கியபோது லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். அதனால் பல கல்லூரிகளை இணைத்து மேலே ஒரு பல்கலைக்கழகம் என்ற ஏற்பாடு நம் மண்டையில் ஆழமாகப் பதிந்துவிட்டது. சேப்பாக்கத்துச் சிவப்புக் கட்டடத்துக்குள் ஒருமுறைகூடப் போகாமல் பட்டம் வாங்கியவர்கள் நம் தெருவிலேயே எத்தனையோ பேர்.

நான் சொல்லவரும் ‘தங்கும் கல்லூரி’ முறையில் இந்த ஏற்பாடு கிட்டத்தட்ட தலைகீழ். விரிவுரை, லேப், பரீட்சை, பட்டம் எல்லாம் பல்கலைக்கழகத்தின் கையில். இயற்பியல் படிக்கிற எல்லோரும், எந்தக் கல்லூரியைச் சேர்ந்தவராக இருந்தாலும், ஒரே விரிவுரை மண்டபத்தில்தான் உட்கார்வார்கள். கல்லூரி என்பது நீங்கள் தங்குகிற, சாப்பிடுகிற, உடம்பு சரியில்லை என்றால் போய்ச் சொல்கிற இடம். பல்லாயிரம் பேர் படிக்கிற இடத்தில் ஒரு புதுப் பிள்ளை தொலைந்துபோகாமல் இருக்க, சில நூறு பேர் கொண்ட கூட்டம் ஒன்றில் சேர்த்துவிடுகிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன உதாரணம் இது. நம் பக்கத்தில் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள். ஆனால் தெருவுக்குத் தெரு தனி கேரம் கிளப், தனி ஃபுட்பால் டீம், ஒரு பிரச்சினை என்றால் முன்னால் வந்து நிற்கிற தனி ஆட்கள். பள்ளிக்கூடம் பல்கலைக்கழகம் என்றால், தெரு கல்லூரி. “அப்போ பெரிய சைஸ் ஹாஸ்டல்னு சொல்லுங்க” என்றாள். பாதி சரி. ஹாஸ்டலைக் காலி செய்தால் உறவு முடிந்தது. இங்கே நீங்கள் வெளியே வீடு எடுத்துத் தங்கினாலும் அந்தக் கல்லூரியின் உறுப்பினர்தான். அதன் நூலகம், சாப்பாட்டுக் கூடம், உங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட ஆலோசகர் எல்லாம் உண்டு. கணக்கு படிப்பவர், சட்டம் படிப்பவர், இசை படிப்பவர் எல்லோரும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குவார்கள்.

இந்த முறை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருந்தால் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். அப்படி இல்லை. பெயர் ஒன்று, வேலை வேறு வேறு. ஆகவே நீங்கள் விண்ணப்பிக்கிற இடத்தில் கல்லூரி என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இளநிலை மாணவர்களுக்குக் கல்லூரி கொஞ்சம் பாடமும் நடத்துகிறது. வாரந்தோறும் ஓரிரு மாணவர்கள் ஓர் ஆசிரியருக்கு எதிரே உட்கார்ந்து, எழுதிக்கொண்டு போன கட்டுரையையோ கணக்கையோ அலசுவார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் அதன் பெயர் டுடோரியல், கேம்பிரிட்ஜில் சூப்பர்விஷன். அதை ஏற்பாடு செய்வது கல்லூரி. பிளஸ் டூ முடித்துவிட்டுப் போகிறவர்களைத் தேர்ந்தெடுப்பதும் நேர்காணல் நடத்துவதும்கூடக் கல்லூரிதான். ஒரே வருடத்தில் இந்த இரண்டு பல்கலைக்கழகங்களில் ஒன்றுக்குத்தான் இளநிலை விண்ணப்பம் போட முடியும். கடைசி நாளும் மற்ற பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களைவிட முன்னாடியே, அக்டோபர் நடுவில் வந்துவிடும். காலாண்டு லீவு முடிந்த கையோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ பிள்ளைகள் பலர் கோட்டை விடுவது இந்தத் தேதியில்தான்.

இங்கே ஒரு பயம் எல்லோருக்கும் வரும். தப்பான கல்லூரியைப் போட்டுவிட்டால் இடம் போய்விடுமோ? அதற்கு அவர்களே வழி வைத்திருக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரியில் போட்டி அதிகமாகி, நல்ல மாணவர் ஒருவருக்கு இடம் இல்லாமல் போனால், அவர் பெயரை ஒரு பொதுக் குளத்தில் போடுவார்கள். பூல் என்றே அதற்குப் பெயர். இடம் மீதமிருக்கிற கல்லூரி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். ஆக்ஸ்ஃபோர்டிலும் விண்ணப்பங்களைக் கல்லூரிகளுக்கிடையே மாற்றி அனுப்புவது உண்டு. எந்தக் கல்லூரியும் எனக்குச் சம்மதம் என்று ‘ஓப்பன்’ விண்ணப்பமும் போடலாம். ஆனால் அப்படிப் போட்டால் கம்ப்யூட்டர் ஒதுக்குவதுதான் முடிவு. பிறகு மாற்றித் தாருங்கள் என்று கேட்க முடியாது.

முதுநிலைக்குப் போகிறவர்களுக்கு இவ்வளவு பதற்றம்கூட வேண்டாம். அங்கே உங்களைத் தேர்ந்தெடுப்பது துறைதான். துறை சரி என்று சொன்னபிறகே விண்ணப்பம் கல்லூரிகளுக்குப் போகும். கேம்பிரிட்ஜில் நீங்கள் போட்ட இரண்டு கல்லூரிகளும் கைவிரித்தாலும், வேறொரு கல்லூரியில் சேர்த்துவிடுவது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. இதைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் தோள் இரண்டு அங்குலம் கீழே இறங்கியது.

இங்கிலாந்திலேயே இன்னொரு பல்கலைக்கழகமான டர்ஹாமில் கதை வேறு. அங்கே 17 கல்லூரிகள், ஆனால் பாடம் எதுவும் கல்லூரியில் நடக்காது. வாழ்க்கை மட்டும்தான். பழைய கோட்டைக்குள்ளேயே ஒரு கல்லூரி இருக்கிறது. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் கலை, அறிவியல் மாணவர்கள் நகர வளாகத்தில் உள்ள ஏழு கல்லூரிகளில் ஒன்றைச் சேர்ந்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்களுக்கும் கல்லூரி உண்டு. விருப்ப வரிசை கேட்பார்கள், வகுப்புகள் எல்லோருக்கும் பொது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தங்கும் கல்லூரி கட்டாயமில்லை. வேண்டுமென்றால் தனியாக விண்ணப்பித்து, இரண்டு வருடம் தங்கி, அங்கேயே சில சிறு வகுப்புகளும் படிக்கலாம். மெஸ் கட்டணம் அதோடு சேர்ந்தே வரும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும்.

உண்மையிலேயே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய இடம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகம். அங்கே எட்டுக் கல்லூரிகள். எந்தக் கல்லூரியில் இருந்துகொண்டும் எந்த முதன்மைப் பாடத்தையும் படிக்கலாம். ஆனால் பட்டத்துக்கு வேண்டிய பொதுப் பாடங்கள் எவை என்பதைத் தீர்மானிப்பது கல்லூரி. ரெவெல் கல்லூரியில் இலக்கியம், தத்துவம் கலந்த நீண்ட பாட வரிசை, அதற்கு மேல் கணிதம், அறிவியல். மியூர் கல்லூரியில் உங்கள் இஷ்டத்துக்கு விடுவது அதிகம். ஒரே கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கிற இருவர், கல்லூரி வேறு என்பதால், நான்கு வருடத்தில் வேறு வேறு புத்தகங்களைப் படித்திருப்பார்கள். பொறியியல் படிக்கப் போகிறவர் தன் முதன்மைப் பாடங்களில் எவையெல்லாம் பொதுப் பாடக் கணக்கிலும் சேரும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு வரிசை போடுவது நல்லது. அங்கே ஒரு பாடம் கூடினால் நேரத்தோடு டாலரும் போகும்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கல்லூரியைத் தேர்வு செய்கிற வேலையே இல்லை. 14 தங்கும் கல்லூரிகள், பல்கலைக்கழகமே குலுக்கிப் போட்டு ஒதுக்கிவிடும். எல்லா வகைப் பிள்ளைகளும் எல்லாக் கல்லூரியிலும் இருக்க வேண்டும் என்பது காரணம். எனக்கென்னவோ இதுதான் நியாயமாகப் படுகிறது. யேல் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பெயர் நம் கோட்டையிலிருந்து போனது. 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக இருந்த எலிஹு யேல் இங்கே சேர்த்த செல்வத்தில் ஒரு பங்காக, ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் அமெரிக்காவின் ஒரு சின்னக் கல்லூரிக்குப் போயின. 1718-இல் அவர் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். அந்த ஆள் ஊழல் புகாரில் பதவி இழந்தவர், அடிமை வணிகத்திலும் கைவைத்தவர். பாரிமுனையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நினைத்துக்கொள்ள ஒரு விஷயம்.

சரி, தேர்வுக்கு வருவோம். பட்டியலைத் திறந்ததும் எல்லோரும் செய்கிற தப்பு, பேரைப் பார்ப்பது. வீட்டில் ஒரு மாமாவாவது, “டிரினிட்டி போடு, ராமானுஜன் படிச்ச எடம்” என்பார். நானும் ராயபுரத்தில் இருக்கும் ராமானுஜன் அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துப்போகிறவள்தான். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் கதையைச் சரியாகப் பார்க்க வேண்டும். 1912-இல் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாகச் சேர்ந்த அவர், 1914 மார்ச் 17 அன்று இதே சென்னையில் கப்பலேறினார். அவர் கல்லூரிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு டிரினிட்டியை டிக் செய்யவில்லை. அவரை அழைத்த கணிதப் பேரறிஞர் ஹார்டி அங்கே இருந்தார், அதனால் அங்கே போனார். ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் அப்படித்தான் செய்ய வேண்டும். முதலில் வழிகாட்டுகிற ஆள், அப்புறம் துறை, கல்லூரி கடைசியில்.

அவருக்கு அங்கே என்ன கஷ்டம் வந்தது என்பதையும் பாருங்கள். சுத்த சைவம். கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார முடியாமல், தன் அறையிலேயே சமைத்துக்கொண்டார். அதற்குள் முதல் உலகப்போர் வந்து காய்கறிக்கும் தட்டுப்பாடு. 1918-இல் டிரினிட்டியின் ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட காலத்தில் உடம்பு ஏற்கெனவே கெட்டிருந்தது. இப்போது சைவச் சாப்பாடு எல்லாக் கல்லூரியிலும் கிடைக்கும், அந்தக் கவலை வேண்டாம். ஆனால் சமையலறை என்ற விஷயம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

இதை என் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். பல வருடம் முன்னால் உதவித்தொகையில் இங்கிலாந்தில் ஒரு வருடம் படித்தேன். கல்லூரியைப் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். கல் வளைவு, பச்சைப் புல்வெளி, நடுவில் ஒரு மரம். போய்ச் சேர்ந்தபிறகுதான் தெரிந்தது, அந்தப் புல்லில் கால் வைக்கக் கூடாது, என் மாடியில் சமையலறை என்ற பெயரில் இருந்தது ஒரு மைக்ரோவேவும் ஒரு கெட்டிலும். மாலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் கூடத்துக்குப் போகவில்லை என்றால் ரொட்டிதான். மூன்றாவது வாரம் ஒரு சின்ன மின் அடுப்பை ரகசியமாக வாங்கிவந்து ரசத்துக்குத் தாளித்தேன். காய்ந்த மிளகாய் நெய்யில் விழுந்த அடுத்த நிமிஷம் நெருப்பு அலாரம் அடித்து, அறுபது பேர் இரவு உடையில் முற்றத்தில் நின்றார்கள். எந்தக் கல்லூரி என்று சொல்லமாட்டேன். தப்பு என்னுடையதும்தான்.

ஆகவே, என் மாணவர்களுக்கு நான் சொல்வது: கல்லூரி எதுவாக இருந்தாலும் பட்டத்தில் பெரிய வித்தியாசம் வராது. நீங்கள் தூங்குவதிலும் சாப்பிடுவதிலும் பையில் மிஞ்சும் பணத்திலும் நிறைய வரும். கல்லூரிகளின் பரீட்சை மதிப்பெண்களை வரிசைப்படுத்தி ஆக்ஸ்ஃபோர்டுக்கு நாரிங்டன் பட்டியல் என்றும் கேம்பிரிட்ஜுக்கு டாம்ப்கின்ஸ் பட்டியல் என்றும் இருக்கின்றன. வருடத்துக்கு வருடம் ஏறி இறங்குகிற சமாச்சாரம். மேலே இருக்கிற கல்லூரியில் சேர்ந்தால் உங்கள் மதிப்பெண் தானாக ஏறாது.

அந்த அப்பா கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜில் ஒரு டெர்ம் எட்டு வாரம், வருடத்துக்கு மூன்று. மொத்தம் 24 வாரம். வருடத்தில் 52 வாரம். மிச்சம் 28 வாரம் இளநிலைப் பிள்ளை எங்கே இருக்கும்? பல கல்லூரிகளில் டெர்ம் முடிந்ததும் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். மாநாட்டுக்கு வருகிறவர்களுக்கு அந்த அறைகளை வாடகைக்கு விடுவதும் உண்டு. லண்டன் பிள்ளை அப்பா காரில் மூட்டையை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். தண்டையார்பேட்டைப் பிள்ளை கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் விமான டிக்கெட் எடுத்துக் கட்டுப்படியாகுமா? சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களை லீவிலும் தங்கவிடும், வாடகை தனி. சில இடங்களில் அறை மாறச் சொல்வார்கள், சாமான் வைக்க ஒரு ஸ்டோர் ரூம் தருவார்கள். இது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். முதுநிலைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, லீவிலும் அறையில் தொடர்ந்து இருக்கலாம். இதைக் கேட்டதும் ட்ரெய்லர்காரர் முதன்முறையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

பணத்தில் இன்னொரு நுணுக்கம். ஆக்ஸ்ஃபோர்டில் எந்தக் கல்லூரி என்றாலும் ஒரு படிப்புக்கு ஒரே கட்டணம். கேம்பிரிட்ஜில் வெளிநாட்டு இளநிலை மாணவர்கள் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு மேல் கல்லூரிக் கட்டணம் என்று தனியாகக் கட்ட வேண்டும், அது கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். வாடகையோ எல்லா இடத்திலும் வேறுபடும். சொத்து நிறைய உள்ள பழைய கல்லூரி சில சமயம் வாடகையைக் குறைத்துக் கொடுக்கும், புத்தகம் வாங்கக்கூடப் பணம் தரும். சில கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் சமையற்கட்டு நிலைக்கட்டணம் என்று ஒன்று வாங்குவார்கள். ஆங்கிலச் சுருக்கத்தில் அது கே.எஃப்.சி. கோழி கிடைக்காது. கல்லூரியே தனியாக உதவித்தொகை தருவதும் உண்டு. உங்களுக்கு அது பொருந்துமானால் மற்றதெல்லாம் அப்புறம்.

தூரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கேம்பிரிட்ஜில் ஊருக்கு வெளியே என்று எல்லோரும் சிரிக்கிற கர்ட்டன் கல்லூரி, மையத்திலிருந்து சுமார் நாலு கிலோமீட்டர். நமக்கு அது ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைகூட இல்லை. அங்கே எல்லோரும் சைக்கிள்தான். ஓட்டத் தெரியாதவர்கள் போவதற்கு முன்னால் இங்கேயே கற்றுக்கொள்ளுங்கள்.

பெண்கள் மட்டும் உள்ள கல்லூரி வேண்டுமென்றால் கேம்பிரிட்ஜில் நியூன்ஹாமும் மர்ரே எட்வர்ட்ஸும் இருக்கின்றன. முதுநிலை மாணவர்கள் மட்டும் என்றால் டார்வின், கிளேர் ஹால். பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் கூச்சல் இல்லாத இடம் என்று இவற்றைக் கேட்டுப் போகிறவர்கள் உண்டு. எல்லாக் கல்லூரியும் எல்லா இளநிலைப் பாடத்துக்கும் ஆள் எடுப்பதில்லை. அதை மட்டும் முன்கூட்டியே சரிபார்த்துவிடுங்கள்.

இந்தத் தகவலை எல்லாம் எங்கே எடுப்பது? விளம்பரப் பக்கத்தில் இருக்காது. அங்கே புல்வெளிதான் இருக்கும். கல்லூரியின் தங்குமிட அலுவலகத்துக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எத்தனை பேருக்கு ஒரு சமையலறை, அடுப்பு உண்டா, மொத்தம் எத்தனை வாரத்துக்கு வாடகை, லீவில் தங்கலாமா என்று கேளுங்கள். விண்ணப்பதாரர் இதையெல்லாம் கேட்கலாமா என்று தயங்காதீர்கள். தினமும் அவர்கள் பதில் சொல்கிற கேள்விகள்தான், உங்கள் தேர்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து பட்டியலில் ஏழெட்டை எடுத்தோம். கணிதத் துறை ஊரின் மேற்குப் பக்கம் இருக்கிறது, அதற்கு அருகில் உள்ளவை, முதுநிலைக்காரர்கள் அதிகம் உள்ளவை என்று குறைத்தோம். மூன்று கல்லூரிகளுக்கு மின்னஞ்சல் எழுதினாள். இரண்டு நாளில் இரண்டு பதில் வந்தது. ஒன்றில் எட்டுப் பேருக்கு ஒரு சமையலறை, நாலு பர்னர் மின் அடுப்பு. அதை முதல் சாய்ஸாகப் போட்டாள். மூன்றாவது கல்லூரி இன்னும் பதில் எழுதவில்லை, அதைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டோம்.

விண்ணப்பம் போன அன்றைக்கு அவளுடைய அப்பா கீழே வண்டியில் உட்கார்ந்திருந்தார். மாடியைப் பார்த்துக் கேட்டார். “ஏம்மா, அந்தக் கரண்டு அடுப்புல மீன் கொழம்பு வெச்சா மணி அடிக்குமா?”

ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, எண்ணெய் புகைவதற்கு முன்னால் புளிக்கரைசலை ஊற்றச் சொன்னேன்.